மக்காச்சோள மெஷின் முன்னால் ஒரு ஹெட்ஃபோன்

ஹெட்ஃபோனைப் பற்றி எழுதுகிற எல்லோரிடமும் ஒரு விமானம் இருக்கிறது. அந்த வேலையில் இறங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். எழுதிப் பழகுவதற்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்த விமர்சனங்களை எல்லாம் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஒருவர் விமானத்தில் ஏறுகிறார். பொத்தானை அழுத்துகிறார். என்ஜின் இரைச்சல் மாயமாகிவிடுகிறது. மேகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்கிறார், இறங்கியதும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போடுகிறார். ஒருவர்கூட டவுன் பஸ்ஸில் ஏறவில்லை. ஒருவருக்கும் வியர்க்கவில்லை. ஒருவர் காதிலும் தோடு இல்லை.

நான் எழுதப் போனது சென்னையில் உள்ள ஒரு இணையதளத்துக்கு. போன், வாட்ச், ஹெட்ஃபோன் என்று விற்பனைக்கு வருவதை எல்லாம் தமிழில் விமர்சனம் செய்வார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம். முதலில் மூன்று விமர்சனம் எழுதிக் காட்ட வேண்டும், மூன்றாவதும் சரியாக வந்தால் நிரந்தர வேலை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் கட்டைவிரல்தான். அப்பா உயிரோடு இருந்தவரை பஸ்ஸின் பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறினார். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்துவிட்டு வந்தவளுக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலைதான் கிடைக்கும் என்று ஊரே சொன்னது. நான் போகவில்லை. எழுதுகிற வேலைக்குத்தான் போவேன் என்றேன். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது.

ஒரு ஹெட்ஃபோனுக்கான முதல் விமர்சனத்தை அனுப்பிய அன்று தளத்தின் ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"நல்லா எழுதறீங்க. ஆனா நம்ம டெம்ப்ளேட்ல ஃப்ளைட் டெஸ்ட்னு ஒரு பாரா இருக்கு பாருங்க, அதைக் காலியா விட்டுட்டீங்க."

"நான் ஃப்ளைட்ல போனதில்ல சார்."

"யார் போனா? நான் மட்டும் மாசாமாசம் போறேனா? நாலு ரிவ்யூ படிங்க, அந்த ஃபீல் வந்துடும்."

வந்துவிட்டது. "சென்னையிலிருந்து டெல்லி செல்லும் விமானத்தில் இரண்டரை மணி நேரம் இதை அணிந்திருந்தேன். ஜன்னலோர இருக்கை" என்று எழுதினேன். ஜன்னலோர இருக்கை யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, என் சொந்தச் சரக்கு. ஆசிரியர் கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். கட்டுரை வெளிவந்தது, கீழே என் பெயர் இருந்தது. அதை அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். காதுக்குள் வைக்கிற சின்ன இயர்பட்ஸுக்கான இரண்டாவது விமர்சனத்தில் மும்பைக்குப் போனேன்.

அப்போது எனக்குக் கூச்சமே இல்லை. படிக்கிறவர்கள் யார்? ஏ.சி. அறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கு நாலு நல்ல வார்த்தை தேடுகிறவர்கள். அவர்களும் விமானத்தை நம்புவதில்லை. எழுதுகிறவனும் நம்புவதில்லை. பொய் என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு விளையாட்டு. அதில் நானும் ஒரு கை சேர்ந்துகொண்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்றாவதாக வந்தது பெரிய பெட்டி. காது முழுவதையும் மூடுகிற, வயர் இல்லாத, வெளிச் சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோன். பெட்டியின் மேல் ஒரு ஆள் விமான இருக்கையில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. இந்த முறை நிஜமாகவே சோதித்து எழுதுவது என்று முடிவு செய்தேன். நேர்மை காரணமல்ல. வேலை இந்த ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் எவ்வளவு சோம்பேறிகள் என்று காட்டவும் ஆசை.

வீட்டிலேயே ஆரம்பித்தேன். தலையில் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் இல்லை. கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருக்கிற மைக் சத்தத்தை வாங்கி, அதற்கு எதிரான சத்தத்தை உள்ளே உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அடக்குகிறது. ஒரே மாதிரி இரைகிற சத்தத்தைத்தான் இப்படி அடக்க முடியும். பக்கத்து வீட்டு டி.வி.யில் மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையில் பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் காதுமெத்தை வியர்த்து ஈரமானது. அரை மணியில் தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்தது. தலையில் வைத்த எண்ணெய் ஹெட்ஃபோன் பட்டையில் ஏறியது. கொண்டை ஊசியைக் கழற்றினால்தான் பட்டை தலையில் உட்கார்ந்தது. இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்களே, தோடு போட்ட ஒரு பெண்ணின் தலையில் ஒரு தடவையாவது இதை மாட்டிப் பார்த்தார்களா?

மறுநாள் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறுகிற பஸ் அது. மேட்டில் என்ஜின் கத்துகிற கத்தலுக்கு எந்த விமானமும் பக்கத்தில் வராது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். என்ஜின் அடங்கியது. டிரைவர் தலைக்கு மேலிருந்த பெட்டியில் ஓடிய பாட்டு, அதுவரை என்ஜினில் கலந்து வந்தது, இப்போது தனியாக, தெளிவாகக் கேட்டது.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "இன்னா பாப்பா, நம்ம பாட்டு புடிக்கலியா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் காதையே பார்த்துக்கொண்டு வந்தவர் ரொம்ப அக்கறையோடு கேட்டார்.

"காதுல சீழா கண்ணு?"

"இல்லீங்க."

"ரெண்டு காதுலயுமா?"

"காதுல ஒண்ணும் இல்லீங்க. இது பாட்டு கேக்கறது."

"பாட்டு அங்க பாடுதே." டிரைவர் பக்கம் கையைக் காட்டினார். "பூண்டு போட்டு எண்ண காச்சி ரெண்டு சொட்டு வுடு. மூடி வச்சா ஜாஸ்தியாத்தான் ஆவும்."

வளைவுகளில் ஏற ஏறக் காது அடைத்தது. மூடிய காதுக்குள் அந்த அடைப்பு இன்னும் அழுத்தியது. வெள்ளிமலையில் இறங்கி நின்றால் காற்று. ஹெட்ஃபோனின் மைக் காற்றையும் சத்தமாக எடுத்துக்கொண்டு காதுக்குள் யாரோ கோணிப்பையை உதறுவதுபோல உதறியது. வெறும் காதே மேல். ஏ.சி. அறைக்குள் காற்று அடிக்காது, அதனால் இதையும் யாரும் எழுதியிருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்புகிற பஸ்ஸிலேயே குறிப்பு எழுதி முடித்தேன்.

கடைசிச் சோதனைக்குத்தான் மக்காச்சோள மெஷினுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சத்தங்களில் அதுதான் பெரியது. டிராக்டரில் மாட்டிக் களத்தில் நிறுத்தியிருப்பார்கள். பெண்கள் கதிரைக் கூடைகூடையாகக் கொட்டுவார்கள். மணி ஒரு பக்கம் விழும், தக்கை ஒரு பக்கம் பறக்கும். அம்மா அந்தப் பருவம் முழுக்க அங்கேதான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவாள். போனால் நாலு பேர் ஏளனம் செய்வார்கள் என்று தெரியும். செய்யட்டும் என்றுதான் போனேன். கதிர் பொறுக்கும் கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல், பொத்தானை மட்டும் அழுத்தினேன். கையில் போன். அதில் சத்தத்தை அளக்கிற முள் ஆடிக்கொண்டிருந்தது.

மெஷினின் இரைச்சல் அப்படியே தரையிறங்கியது. முழுக்கப் போகவில்லை. ரொம்ப தூரத்தில் யாரோ மாவு அரைப்பதுபோல இருந்தது. அதற்கு மேலே, பெண்களின் பேச்சு. மெஷினுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காக அவர்கள் போடுகிற சத்தம், மெஷின் இல்லாமல் வந்து காதில் விழுந்தது. இரண்டு காதையும் மூடிக்கொண்டு நிற்கிறவளுக்கு ஒன்றும் கேட்காது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

"தோ பார்ரி, காதுல டப்பா மாட்டிகினு நிக்கிறா." இது எங்கள் தெருவில் இருக்கிற அத்தை. சொந்த அத்தை இல்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

"அதுக்குத்தான் சம்பளமாம்" என்றாள் அவள் பக்கத்தில் நின்ற சின்னவள்.

"காது அடைச்சா சம்பளமா? இந்த மெசின் எத்தினி வருசமா எங்காத அடைச்சினு கீது, எனக்கு எவன் குடுத்தான்?"

எனக்கே சிரிப்பு வந்தது. நான் படித்த எந்த விமர்சகனுக்கும் இப்படி ஒரு வரி வராது என்று நினைத்துக்கொண்டேன்.

"டில்லிக்கு ஏரோப்ளேன்ல போனாளாமே. மெசின் ஓனரு போன்ல படிச்சாரே அன்னிக்கி" என்றாள் சின்னவள்.

"ஜன்னலு பக்கம் குந்திகினு போனாளாம். போனா போவட்டும். எவங்கூட போனா? அத கேளு நீ."

"கம்பெனிதான் அனுப்புச்சின்னு இவ அம்மாவே சொல்லுச்சே."

"அனுப்பும், அனுப்பும். கார்த்திகையில ரெண்டு நாளு ஊர்ல இல்ல. உளுந்தூர்பேட்டையில சிநேகிதிக்கி கல்யாணம்னா. சிநேகிதியோ, சிநேகிதனோ."

நான் திரும்பவில்லை. அளவு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மாவின் குரல், காதோடு வாய் வைத்துப் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக வந்தது.

"எத்தினி வாட்டிடீ சொல்றது உனுக்கு? பொம்பள புள்ளைங்க நாலு பேரு போனாங்க. கூட காலேஜு டீச்சரம்மா ஒருத்தங்க. கம்பெனி வண்டி வச்சி கூட்டினு போயி கூட்டினு வந்து வுட்டுச்சி. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சி எம் பொண்ணு."

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. உளுந்தூர்பேட்டைக் கல்யாணத்துக்குத்தான் போனேன், சிநேகிதிக்குத்தான் கல்யாணம். டெல்லி என்பது டெம்ப்ளேட்டில் காலியாக இருந்த ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு நாலு பெண்களையும் ஒரு டீச்சரையும் ஒரு வண்டியையும் அம்மா ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். அம்மா தலைத்துணியை உதறிக்கொண்டே வந்தாள்.

"கம்பெனி அனுப்புச்சின்னு ஏம்மா சொன்ன?"

நின்றுவிட்டாள். "உனுக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"அத மாட்டினா கேக்காதுன்னாங்க."

"மெசின்தான் கேக்காது. பேசறது கேக்கும்."

தலைத்துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நெசமா சொல்லு. யார்கூட போன?"

"யார்கூடயும் போவல. நான் ஏரோப்ளேன கிட்டக்கூட பாத்ததில்ல."

"ஓனரு படிச்சாரே. உம் பேரு போட்டிருந்திச்சே."

"அது சும்மா எழுதறதும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எல்லாரும்னா யாரு?"

நான் மதிக்காத ஒரு கூட்டத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு மாசமா அவகிட்ட மல்லு கட்டினு கெடக்கறேன்டி நானு" என்றாள் அம்மா. "எங்கிட்ட சொல்லாம போயிட்டியேன்னு ராத்திரில தூங்காம கெடந்தேன். போவாமலே போனேன்னு எழுதுவியா? அதுக்கா உன்ன படிக்க வச்சேன்?"

எழுத்தில் வந்து, கீழே பெயரும் இருந்தால் அது நடந்தது என்று அம்மா நினைத்தாள். அத்தையும் நினைத்தாள். என்னைப் பற்றி அசிங்கமாகப் பேசினாளே, அவள்கூட நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் நம்பித்தான் பேசினாள். படித்தவர்கள் யாரும் நம்பாத ஒன்றை, படிக்கத் தெரியாதவர்கள் நம்பி, அதன்மேல் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் இவர்களை வாசகர்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

மறுநாள் மத்தியானம், மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் டிராக்டர் நிழலில் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் போனேன். அம்மா தூக்குவாளியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஓனர் டிராக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்.

"நான் டில்லிக்கு போவல. மும்பைக்கும் போவல. போனதா எழுதினது பொய். அம்மாகிட்ட யாரும் இனிமே கேக்காதீங்க."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மும்பை வேறயா? அது எங்களுக்கு தெரியாதே!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னவளுக்குப் புரையேறியது. ஓனருக்கு மட்டும் முகம் மாறியது. பத்தாவது வரை படித்தவர், என் ஸ்டேட்டஸில் இருந்ததை அன்றைக்கு எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவர்.

"ஏம்மா, பேரு போட்டுமா பொய் எழுதுவாங்க?"

"எழுதுவாங்கண்ணா."

"அந்த காது செட்டு எப்படி, நல்லாக்கீதா? மச்சான் கேட்டான். நீ எழுதினத நம்பி வாங்கலாம்னு இருந்தோம்."

"வாங்காதீங்க. வேர்க்கும்" என்றேன்.

அத்தை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்பாள் என்று நானும் போகவில்லை. "அப்ப அந்த டீச்சரம்மா?" என்று அம்மாவைப் பார்த்து இழுத்தாள். அம்மா, "தின்னுட்டு எழுந்திரிடி, மெசின ஓட்டப் போறாங்க" என்றாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளும் சிரித்ததைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியதும் உண்மை.

மூன்றாவது விமர்சனத்தை இரண்டு நாளில் எழுதினேன். ஃபேன், திருகாணி, எண்ணெய், வெள்ளிமலைக் காற்று, எல்லாம் இருந்தது. ஒரே மாதிரி இரைகிற சத்தத்தில் நாளெல்லாம் நிற்கிறவருக்கு இது நிஜமாகவே உதவும், ஆனால் அப்படி நிற்கிறவர்கள் வாங்குகிற விலையில் இது இல்லை என்று எழுதினேன். மனிதர்கள் பேசுவதிலிருந்து தப்பிக்க நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள் என்றும் எழுதினேன். ஃப்ளைட் டெஸ்ட் என்ற இடத்தில் மூன்று வாக்கியம்: "விமானத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் விமானத்தில் போனதில்லை. முந்தைய இரண்டு விமர்சனங்களில் போனதாக எழுதியது பொய்."

அனுப்பிய ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. சிரித்தார்.

"என்னம்மா இது, வாக்குமூலமா?"

"உண்மை சார்."

"அந்த மக்காச்சோளம் மேட்டர் சூப்பர். தோடு மேட்டர்கூட ஓகே, பொண்ணுங்க ஷேர் பண்ணுவாங்க. அந்த மூணு லைன மட்டும் எடுத்துடலாம். ஃப்ளைட் பாரா நானே போட்டுக்கறேன், நீங்க கஷ்டப்பட வேணாம். ஒண்ணாம் தேதிலேருந்து ஜாயின் பண்ணிக்கலாம்."

வேலை அங்கே இருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை இப்போது எழுதுவதற்காகப் பெரிதாக்க விரும்பவில்லை. ஆசை இருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் ஒண்ணாம் தேதி என்று ஒன்று இருந்ததில்லை.

"நீங்க போட்டாலும் கீழ என் பேருதானே சார் இருக்கும்?"

"ஆமா, உங்க ரிவ்யூதானே."

"அப்ப முடியாது சார். பழசு ரெண்டுலயும் அந்த பாராவ எடுத்துடுங்க."

இப்போது சிரிப்பு நின்றது. "பப்ளிஷ் ஆனதை எல்லாம் எடுக்க முடியாதும்மா. பொருள் அனுப்பினவங்க கேள்வி கேப்பாங்க. இதெல்லாம் யாரு நம்பறா சொல்லுங்க? எதுக்கு இவ்ளோ சீரியஸ்?"

"எங்க ஊர்ல நம்பறாங்க சார்."

"உங்க ஊர்ல நம்ம சைட்டை யாரு படிக்கறா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன், இதைவிட இளக்காரமாக. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டபோது, இத்தனை வருடம் ஆங்கிலம் படித்து, ஏ.சி.யில் உட்கார்ந்து, இந்த மனிதர் கற்றுக்கொண்டது இவ்வளவுதானா என்று தோன்றியது. எனக்கு மேலே இருக்கிறவர் என்று நினைத்துக்கொண்டுதான் அதுவரை அவருக்கு சார் போட்டேன். "வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தில் சார் இல்லை.

ஹெட்ஃபோனைத் துடைத்து, பட்டையில் ஏறியிருந்த எண்ணெயைச் சோப்புத்தண்ணீர் தொட்ட துணியால் எடுத்து, பெட்டியில் வைத்து மறுநாளே கூரியரில் திருப்பி அனுப்பினேன். அம்மாவிடம் வேலை இல்லை என்றேன்.

"பொய் எழுதாத வேல ஒண்ணுகூடவா இருக்காது?"

"இருக்கும். தேடணும்."

"தேடு" என்றாள். ஜவுளிக்கடையைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த இரண்டு விமர்சனங்களும் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கின்றன, கீழே என் பெயரோடு. எடுக்கச் சொல்லி மாதம் ஒரு மின்னஞ்சல் போடுகிறேன், பதில் வராது. மூன்றாவதை அவர்கள் வெளியிடவில்லை. இப்போது வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடும்போது நீங்கள் எழுதியதில் ஒன்றை அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். வெளிவந்த இரண்டையும் விட்டுவிட்டு, வெளிவராத அந்த ஒன்றை, மூன்று வாக்கியத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். இதுவரை இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது இடத்திலிருந்து நேற்று ஒரு பெண் கூப்பிட்டு, திருகாணி குத்தும் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பக்கம் குத்துகிறது, மேலேயா பின்னாலேயா என்று கேட்டாள். பின்னால் என்றேன்.